முதலாம் வருடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்

வணக்கம்.

வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் புதிதாக வருகிற எங்கள் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடல். கொக்கட்டிச்சோலைப் பக்கம் பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பந்தி எழுத உதவி செய்கிறேன், நானும் ஒரு காலத்தில் இதிலேயே தடுமாறி நின்றவள்தான்.

போன கிழமை ஒரு தங்கச்சி கொப்பியைக் காட்டினாள். வேளாண்மை வெட்டு பற்றிய பந்தி. ஒன்பது வரியும் ஒரே வாக்கியம், நடுவில் ஏழு 'ஆன்ட்'. குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு நீளக் கோடு, பத்துக்கு இரண்டு, வேறு ஒரு சொல்லும் இல்லை. சரி, தமிழில் சொல்லு என்றேன். "விடிய எழும்பி, சோறு கட்டி, வயலுக்குப் போய், மிஷின் வருமட்டும் பார்த்திருந்து, நெல்லை மூட்டை கட்டி, பொழுதுபட வந்தோம்" என்றாள். ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிப்பது தமிழின் இயல்பு, 'வந்தோம்' என்றாலே யார் என்பதும் அதற்குள் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாய் வெளியே தெரியவேண்டும், வினை அதற்குப் பின்னால் வரவேண்டும், இத்தனை வேலையை ஒரே வாக்கியம் தாங்காது. அவளுக்கு இதைப் பத்து நிமிடம் யாரும் இருந்து சொல்லவில்லை.

உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்த பிள்ளைகள். பொது ஆங்கிலம் இருக்கிறது, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் பலர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. சாதாரண தரத்தில் கட்டுரையைப் பாடமாக்கிக் கொண்டுபோய் எழுதியவர்களிடம், இங்கே வந்ததும் சொந்தக் கருத்தைப் பந்தியாக எழுது என்றால் எங்கே தொடங்குவார்கள்? ஒரு பந்திக்கு ஒரு கருத்து, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

வகுப்பில் ஆட்கள் கூட, உங்களுக்கு நேரம் இல்லை, தெரியும். கிழமைக்கு ஒரு சின்னப் பந்தி போதும். எல்லாப் பிழையையும் திருத்த வேண்டாம், ஏதாவது ஒன்றை மட்டும் காட்டி, அதையே திருப்பி எழுதச் சொல்லுங்கள். எழுதமுன் தமிழில் பேசவும் விடுங்கள்.

அந்தத் தங்கச்சி அன்றைக்கே திருப்பி எழுதினாள். ஆறு வாக்கியம், இரண்டு இடத்தில் 'the' என்ற சொல் விடுபட்டிருக்கிறது. இந்தக் கிழமை அந்தக் கொப்பி உங்கள் மேசைக்கு வரும். தயவுசெய்து கோடு மட்டும் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
பழைய மாணவி ஒருத்தி