மேலே சில்லிட்டுக் கிடக்கும் ரேடியேட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நுவரெலியாப் பக்கம் இந்த ஜனவரியில் பனி கொட்டி, பள்ளத்து மலைத் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. அம்மா அடுப்படியை விட்டு நகர்வதில்லை.

நேற்று போனில் நீ சொன்னதிலேயே மனம் நிற்கிறது. இங்கிலாந்தில், லீட்ஸில் நீங்கள் வாங்கிய பழைய வீட்டில், அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் கீழே சுடுகிறது, மேலே சில்லென்று இருக்கிறது, பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது போடச் சொன்னார் என்றாய். அவசரப்படாதே பிள்ளை. அது வார்ப்பிரும்பு, லேசில் சாகாது.

மேலே நிற்பது காற்று. தேயிலை பெக்டரியில் முப்பது வருஷம் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன் சொல்கிறேன். கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையருக்குப் போகிற ஸ்டீம் பைப்பில் காற்று அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். பொயிலர் எரியும், சூடு வந்து சேராது.

முதலில் ஹீட்டிங்கை நிறுத்தி நன்றாக ஆறவிடு. கீழ்மாடியிலிருந்து தொடங்கு. ரேடியேட்டரின் ஓர் ஓரத்தில், உச்சியில், சின்ன வால்வு இருக்கும். அதற்கான சாவி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அடியில் துணியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்பு. உஸ்ஸென்று காற்று வரும். பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும். அது சீராக வந்ததும் மூடிவிடு. முழுவதும் கழற்றிவிடாதே. சூடு ஆறுவதற்கு முன் நான் ஒருதடவை அப்படிக் கழற்றியதில் வந்ததுதான் மணிக்கட்டுத் தழும்பு. சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாயே, அதுதான்.

அப்புறம் பொயிலர் மீட்டரைப் பார். காற்று போனதால் அழுத்தம் இறங்கியிருக்கும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (bar, அழுத்தத்தின் அளவு) வரை இருந்தால் சரி. அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது. வால்வுத் தண்டைச் சுற்றி விரலால் தடவிப் பார். ஈரம் பட்டால் அந்த நட்டைக் கொஞ்சமாக இறுக்கு.

கீழே குளிர்ந்து மேலே சுடுகிற ரேடியேட்டர் வேறு வியாதி. அடியில் கறுப்பாகத் துருச்சேறு படிந்திருக்கும். அதைக் கழற்றி அலசி, மறுபடி பூட்டித் தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து கலக்க வேண்டும். அதற்கு ஆள் வைத்துக்கொள். கேஸ் பொயிலரின் மூடியில் மட்டும் நீ கை வைக்கவே கூடாது. பழைய பெயின்டையும் சுரண்டாதே, அதில் ஈயம் இருக்கலாம். பேரன் தவழ்கிற வீடு.

சனிக்கிழமை மருமகனும் பக்கத்தில் இருக்கும்போது செய். போனை ரேடியேட்டர் பக்கத்தில் வை. சத்தத்தைக் கேட்டு, எப்போது மூடுவதென்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா