துரு உறங்காத ஊரிலிருந்து நீல் யங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பாடகர் நீல் யங் அவர்களுக்கு,

பாம்பனிலிருந்து வணக்கம். மண்டபத்தில் நிலம் முடிந்து, கடலைக் கடந்து வரும் ரயில் முதலில் கரையேறும் ஊர் எங்களுடையது. 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய ரயில் பாலத்தில் என் அப்பா பெயின்ட் அடிக்கும் குழுவில் வேலை பார்த்தார். ஒரு முனையில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே போய் மறுமுனையைத் தொடும்போது, தொடங்கிய இடத்தில் உப்புக் காற்று மறுபடியும் தன் வேலையைக் காட்டியிருக்கும். நீங்கள் 1979இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' என்றும், துரு உறங்குவதில்லை என்பது அதன் பொருள் என்றும் நான் சொன்னபோது, அப்பா கேட்ட ஒரே கேள்வி, "அவரு கடலோரத்து ஆளா?" என்பதுதான். கனடாவின் டொராண்டோவில் பிறந்தவர் என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் பெரும்பாலும் நீங்கள் தனியாக, அக்குஸ்டிக் கித்தாரோடு பாடுகிறீர்கள். மறுபக்கத்தில் கிரேஸி ஹார்ஸ் குழுவோடு சேர்ந்து மின்கித்தாரை அலறவிடுகிறீர்கள். முதலில் மெல்லப் பாடிய அதே பாட்டுதான் கடைசியில் இரைச்சலோடு திரும்பி வருகிறது. பாலத்துக்கு வடக்கே இருக்கும் கடலைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்லும் ஊரில் வளர்ந்தவளுக்கு, ஒரே மனிதர் இரண்டு குரலில் பாடுவது விளங்காத விஷயமாகத் தோன்றவில்லை.

1972இல் வந்த 'ஹார்வெஸ்ட்' அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம். அப்போது உங்களுக்கு 26 வயது. அதே ஓசையை ஆண்டுக்கொரு முறை திருப்பிக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நவம்பரில், ஒத்திகைக்கு ஈடுகொடுக்க முடியாத நிலையிலிருந்த கிரேஸி ஹார்ஸ் கித்தார் கலைஞர் டேனி விட்டனை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். அன்றிரவே அவர் போதையால் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து 1973இல் பதிவாகி 1975இல் வெளியான 'டுநைட்ஸ் த நைட்' ஆல்பத்தில் உங்கள் குரல் உடைகிறது, சுருதியை விட்டு விலகுகிறது. எங்கள் பக்கத்தில் ஒப்பாரி வைக்கும் பெண்களின் குரலும் அப்படித்தான் உடையும். அதை அபசுரம் என்று யாரும் சொல்வதில்லை. பெரும்பாலானோர் 'ஹார்வெஸ்ட்'டைத்தான் உங்கள் உச்சம் என்கிறார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது, உங்கள் ரசிகர்களில் பலர் இன்னமும் ஏற்றுக்கொள்ளாத 'டிரான்ஸ்' ஆல்பத்துக்காக.

சவூதியில் வேலை பார்த்த என் சின்ன மாமா விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த கேசட்டுகளில், 1993இல் நீங்கள் எம்டிவிக்காகப் பாடிய 'அன்பிளக்டு' ஒன்று. அதில் 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' என்ற பாட்டு இருந்தது. எனக்கு அப்போது ஆங்கிலம் சரியாக வராது; ஆனால் அது தாலாட்டு என்பது மட்டும் தெரிந்தது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, பேச்சு வராத என் தம்பியை மடியில் கிடத்தி, அந்தக் கேசட் தேய்ந்து இழுக்கும்வரை போட்டுக்கொண்டிருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அதே பாட்டின் முதல் வடிவத்தை, 1982இல் வந்த 'டிரான்ஸ்' ஆல்பத்தில் கேட்டேன். வோக்கோடர் என்னும் கருவிக்குள் போய் வரும் குரல். மனிதக் குரலா எந்திரமா என்று தெரியாத ஒரு கீச்சொலி. திடுக்கிட்டுப் போனேன். பிறகு தேடிப் படித்தபோதுதான், உங்கள் மகன் பென்னும் அதே பாதிப்போடு பிறந்து பேச முடியாதவர் என்பதும், மகன் சொல்வது தகப்பனுக்கும் தகப்பன் சொல்வது மகனுக்கும் எட்டாத அந்தத் தவிப்பையே எந்திரக் குரலாக்கினீர்கள் என்பதும் தெரிந்தது. அதை அறியாமல் கேட்டவர்கள் சிரித்தார்கள். நீங்கள் உங்களைப் போலவே பாடவில்லை என்று சொல்லி, உங்கள் ஆல்பங்களை வெளியிட்ட கெஃபன் நிறுவனமே 1983இல் உங்கள் மீது வழக்கே தொடுத்தது. அந்த ஆண்டு வந்த, ராக்கபிலி என்னும் பழைய ராக் அண்ட் ரோல் பாணி ஆல்பம் எனக்கும் ஒட்டவில்லை, மறைப்பானேன். ஆனால் 'டிரான்ஸ்' விஷயத்தில் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடன் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்பிக்கு, படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும் டேப்லெட் ஒன்று வாங்கினோம். அவன் என்னை முதன்முதலாக "அக்கா" என்று கூப்பிட்டது அந்த எந்திரத்தின் குரலில்தான். எனக்கு அது அவன் குரலாகவே கேட்டது. இன்றும் அப்படியே கேட்கிறது.

பென்னின் தாய், மறைந்த பெகி யங் அவர்கள், பேச முடியாத பிள்ளைகளுக்காக முன்னின்று தொடங்கிய பிரிட்ஜ் பள்ளிக்காக 1986இல் முதல் கச்சேரி நடத்தினீர்கள். 2016 வரை அது தொடர்ந்தது. அந்தப் பிள்ளைகளை மேடையிலேயே, பாடுபவர்களின் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்தீர்கள். பள்ளிக்குப் பாலம் என்று பேர் வைத்ததைப் படித்த அன்று, எங்கள் வீட்டில் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். பென்னோடு சேர்ந்து பொம்மை ரயில் ஓட்டுவதற்காக, அவர் கைக்கு எளிதான விசைகளை நீங்கள் உருவாக்கியதையும் படித்துக் காட்டினேன். தம்பிக்கும் ரயில் என்றால் உயிர்.

5 வயதில் இளம்பிள்ளை வாதத்தில் தப்பிய நீங்கள், 80ஐத் தொட்ட 2025இலும் குரோம் ஹார்ட்ஸ் என்ற புதிய குழுவோடு ஊர் ஊராகப் பாடினீர்கள். எங்கள் பழைய பாலத்தைத் துரு தின்றுவிட்டது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்றுபோனது. அதன் பிறகும் ரயில் வரும் நேரங்களில் தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருப்பான். அதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். ஹாரன் கேட்டதும் அவன் விரல் டேப்லெட்டில் தடுமாறித் தடுமாறி அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தது. "ரயில்" என்றது குரல். அப்பா எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டார்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஓர் அக்கா