பர்மிங்ஹாமிலிருந்து அப்பச்சிக்கு

சிவமயம்

பர்மிங்ஹாம்,
மாசி மாதம்

அன்புள்ள அப்பச்சிக்கு வணக்கம். ஆத்தாளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. பிள்ளையார் நோன்புக்கும் எழுதவில்லை, பொங்கலுக்கும் எழுதவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. அரிசி களைந்தால் விரல் மரத்துப்போகிறது. ஹீட்டரை ராத்திரி மட்டும் போடுகிறேன், பகலிலும் போட்டால் தலை வலிக்கிறது. ஆத்தா கொடுத்துவிட்ட கவுனி அரிசியில் இன்னும் இரண்டு பிடி மிச்சம். ஒரு நல்ல நாளுக்கென்று வைத்திருக்கிறேன்.

செக்காலை ரோட்டுக் கடையை இனி பாய்க்கு வாடகைக்கு விட வேண்டாம் என்று சின்னண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். "உலகம் பூரா அவங்க பண்றதப் பாக்குறோமே" என்றாராம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

கீழ்வீட்டு சூடான்காரரைப் பற்றிப் போனில் சொன்னேனே, எழுபது வயது வாத்தியார். தினமும் காலையில் கதவைத் தட்டி, இன்றைக்கு கார்ட்டூமில் எத்தனை டிகிரி வெயில் என்று சொல்வார். பதிலுக்கு நான் காரைக்குடி வெயிலைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இறங்கிப் போவார். இப்போது நோன்பு மாதம். போன வாரம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு என்னைக் கூப்பிட்டார். சோளத்தை முளைகட்டி அரைத்து, அப்பளம் மாதிரி மெல்லிசாகச் சுட்டுக் காயவைத்த ஒரு செம்பழுப்பு ஏட்டைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிக் கொடுத்தார். பெயர் ஹெலு முர். இனிப்பும் கசப்பும் என்று அர்த்தமாம். பார்த்தால் நன்னாரி சர்பத் நிறம். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, எனக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் அவர் குடித்தார். பாய் வருஷா வருஷம் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, "சூட்டோட குடிச்சிருங்க ஆச்சி" என்று ஆத்தாளிடம் சொல்வாரே, அந்தக் குரல் காதில் கேட்டது.

இவ்வளவு பக்தியான மனுஷன் ஊரைவிட்டு ஏன் வந்தார் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். 1983-ல் சூடானில் நிமெய்ரி என்ற ராணுவ ஆட்சியாளர் ஷரியா சட்டம் என்று அறிவித்தார். கையை வெட்டுவதும் சவுக்கடியும் நடந்தன. அது மார்க்கத்துக்கே இழுக்கு என்று துண்டறிக்கை போட்ட மஹ்மூத் முகம்மது தாஹா என்ற முதிய அறிஞரை 1985 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். அப்புறம் 1989-ல் ஹசன் துராபியின் இஸ்லாமியவாதக் கட்சி, உமர் அல் பஷீர் என்ற ராணுவ அதிகாரியை முன்னால் நிறுத்தி ஆட்சியைப் பிடித்தது. "பொது நன்மைக்காக" என்று ஒரு வரி எழுதி ஆயிரக்கணக்கானவர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதில் இவரும் ஒருவர். முப்பது வருஷம் கழித்து, 2019-ல் அந்த பஷீரை விழச் செய்ததும் தெருவில் உட்கார்ந்து தொழுத முஸ்லிம்கள்தான்.

சின்னண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், அப்பச்சி. கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்று பாய் கடைப்பிடிப்பது ஆயிரத்து நானூறு வருஷத்து மார்க்கம். அரசாங்கத்தைக் கையில் எடுத்து, மார்க்கத்தின் பெயரால் எல்லாரையும் ஆள வேண்டும் என்பது ஒரு அரசியல் கொள்கை. அது ஒரு இயக்கமாகி நூறு வருஷம்கூட ஆகவில்லை. எகிப்தில் ஹசன் அல் பன்னா 1928-ல் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கினார், லாகூரில் மௌதூதி 1941-ல் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். நம் வீட்டு நிலைக்கதவு அதற்கெல்லாம் மூத்தது. அந்தக் கொள்கைக்காரர்களிலும் தேர்தலில் நின்றவர்கள் உண்டு, துப்பாக்கி எடுத்தவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போட வேண்டியிருந்தால் போடலாம், நானும் போடுவேன். அதற்கு பாயின் கடையைப் பூட்டுவது என்ன நியாயம்? அவர்கள் கையில் முதலில் அடிபட்டவர்களே முஸ்லிம்கள்தான். கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன இடத்தில், வட்டித் தொழிலில், நம்மையும் இப்படித்தான் பேசினார்கள் என்று ஐயா சொல்வார். யாரோ ஒருவர் வட்டியில் கறாராக இருந்தால், பர்மாவில் செட்டி என்றாலே அப்படித்தான் என்று பேசினார்களாம். சொல்லும்போது ஐயாவுக்குக் குரல் கம்மும்.

ஆத்தாளுக்கு மூச்சுத் திணறிய ராத்திரி ஆட்டோ பிடித்து வந்ததும், விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் யார் என்று சின்னண்ணனுக்கு ஞாபகப்படுத்துங்கள். நான் இங்கே இருந்தேன். என்னால் வர முடியவில்லை.

இந்த நேரத்துக்கு வளவில் வெயில் இறங்கி, ஆத்தா வடகத் துணியை மடித்துக்கொண்டிருப்பாள். எழுத ஆரம்பித்தபோது இதைச் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. விடுங்கள்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டாங்கட்டுத் தேக்குத் தூணைப் பழம்பொருள் கடைக்காரர்கள் கேட்டு வருகிறார்கள் என்றால் கொடுக்கவே வேண்டாம். ஓடு மாற்றுகிற செலவில் என் பங்கை ஆனிக்குள் அனுப்புகிறேன். இந்த மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்பியது வங்கிக் கணக்கு மாற்றுவதால்தான், வேறொன்றுமில்லை. ஆச்சி மகள் கல்யாணத்துக்கு வரப் பார்க்கிறேன், டிக்கெட் விலை இறங்கட்டும். கடைச் சீட்டைப் பாய் பெயரிலேயே பழைய வாடகைக்குப் புதுப்பித்து, பங்குனி பிறக்குமுன் அவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சின்னண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகன்