பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள நண்பா,

ஆறு மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த நிரலில் நேர்ந்த பிழையை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதனிட்டு முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அங்கே மூன்று அளவு இயந்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு தனி வேலையோட்டம், அளவுகளை வாங்கி ஒரு பொது வரிசையில் போடும். வேறு மூன்று த்ரெட்டுகள் அவற்றை எடுத்துத் தரவுத்தளத்தில் எழுதும். ஜாவா நிரல்மொழியின் சிங்க்ரனைஸ்டு லிஸ்ட் ஒன்றை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே தொடவிடும் பட்டியலை, வைத்துக்கொண்டு, ‘காலியா?’ என்று கேட்டு, இல்லையென்றால் முதல் உருப்படியை எடுக்கும்படி எழுதியிருந்தேன். கேட்பதும் தனியே பாதுகாப்பானது, எடுப்பதும் தனியே பாதுகாப்பானது. ஆனால் இரண்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் புகுந்துவிடலாம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மெஸ் அக்காவின் கடைசி ஆம்லெட்டை நினைத்துக்கொள். இருவரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். தட்டில் விழுந்தது உனக்கு, எப்போதும் போல.

ஒரே ஓர் அளவு எஞ்சியிருந்த கணத்தில் இரண்டு த்ரெட்டுகளுக்கும் ‘காலியில்லை’ என்ற பதில் கிடைத்தது. ஒன்று எடுத்துக்கொண்டது, மற்றது வெறும் வரிசையில் கையை விட்டு, எக்செப்ஷன் என்னும் ஓட்டப் பிழை எழுந்து செத்தது. இன்னொரு நாள் இன்னொன்றும் அதேபோல் செத்தது. எஞ்சிய ஒன்றுக்குப் போட்டியே இல்லாததால் அது சாகவில்லை, எனவே நிரல் நன்றாக ஓடுவதாகவே எல்லோருக்கும் தோன்றியது. என் மடிக்கணினியில் எடுப்பதற்கு ஒரே த்ரெட்டை வைத்துச் சோதித்தபோது பிழை தென்படாததற்கும் அதுதான் காரணம். மூவர் வேலையை ஒருவர் செய்ய முடியாமல் அளவுகள் நினைவகத்தில் குவிந்துகொண்டே போயின. சனிக்கிழமை மாலை மின்சாரம் போனதும் குவியல் முழுவதும் போயிற்று. அடுக்கி வைத்த தோல்களைப் பிரித்து இரவு 11 மணிவரை மறுபடி அளந்தார்கள். நானும் உடன் நின்றேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வரச் சொன்னார். அதை என்னால் குடிக்க முடியவில்லை.

கணினி அறிஞர் டக் லீ தலைமையில் உருவாகி, 2004-இல் ஜாவா 5-உடன் வந்த த்ரெட் கருவிகளின் தொகுப்பிலேயே பிளாக்கிங் க்யூ என்னும் வரிசை இருக்கிறது. அதன் ‘டேக்’ செயல், பார்ப்பதையும் எடுப்பதையும் ஒரே மூச்சில் முடித்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் த்ரெட்டைத் தூங்க வைத்து, உருப்படி வந்ததும் எழுப்பும். இதை விட்டுவிட்டு நானே கையால் எழுதியது பெருந்தவறு.

அதை மாற்றியதோடு நின்றிருந்தாலும் மறுபடி மாட்டியிருப்பேன். அதில் ஒரு வகையான லிங்க்டு பிளாக்கிங் க்யூவுக்குக் கொள்ளளவு சொல்லாமல் விட்டால் அது 2,147,483,647 உருப்படிகள் வரை ஏற்கும். நினைவகம் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே கொள்ளளவைக் கட்டாயம் கேட்கும் இன்னொரு வகையான அர்ரே பிளாக்கிங் க்யூவை எடுத்து, 200 என்று வைத்தேன். நிரம்பினால் போடும் த்ரெட் காத்து நிற்கும். இயந்திரத்தின் அருகே சிவப்பு விளக்கு எரியும். பின்னால் அடைத்துக்கொண்டிருப்பது முன்னால் நிற்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும். மின்வெட்டுக்கு இது மருந்தாகாது என்பதால், ஒவ்வோர் அளவையும் க்யூவில் போடும் முன்பே கோப்பில் எழுதிவிடுகிறேன்.

நிரலை நிறுத்தும்போதும் ஒரு முறை தவறினேன். ‘வேலை முடிந்தது’ என்ற அடையாள உருப்படியை ஒன்று மட்டும் போட்டேன். ஒரு த்ரெட் அதை எடுத்துக்கொண்டு போய்விட, மற்ற இரண்டும் காத்துக்கொண்டே கிடந்தன. இப்போது ஆளுக்கு ஒன்றாக மூன்று போடுகிறேன்.

ஒன்றில் மட்டும் உன் கருத்து வேண்டும். எழுதும் த்ரெட்டில் எக்செப்ஷன் வந்தால் அதைப் பிடித்துக் குறித்துவிட்டுத் தொடர்வதா, அல்லது சாகவிட்டுப் புதிய த்ரெட்டைத் தொடங்குவதா? சத்தமில்லாமல் சாவது மட்டும் இனி நடக்கக் கூடாது.

உன் சம்பளக் கணக்கு நிரலிலும் ‘காலியா?’ என்று கேட்கும் அதே வரி இருக்கிறது. போன பொங்கலுக்கு நீ காட்டியபோது நானே அதைப் பாராட்டினேன். இந்த வாரமே திறந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்