‘அவன் மனசை மாத்துங்க’ என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் என் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். டென்னசி மாநிலம் கிளார்க்ஸ்வில்லில் 19 வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரை ஒட்டியே ஃபோர்ட் கேம்ப்பெல் ராணுவ முகாம். என் மகன் ராணுவத்தில் பிளாக்ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். இந்த இரண்டும் தெரிந்ததிலிருந்து எனக்கு ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. நாஷ்வில் கணேசர் கோயிலில் சாமி கும்பிட்டுத் திரும்பினால், யாராவது ஓரமாகக் கூப்பிடுகிறார்கள். “அண்ணா, பையன் ஆர்மியில பைலட்டா போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அதுவும் ஏதோ ஸ்பெஷல் ஆபரேஷன்ஸாம். நீங்க ஒரு வார்த்தை பேசி அவன் மனசை மாத்துங்க.”

தனித்தனியாகச் சொல்லி வந்ததை இப்போது எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் யார் மனசையும் மாற்ற மாட்டேன். போ என்று தூண்டவும் மாட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளை கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தை, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

2021இல் என் மகன் மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங்கை நிறுத்திவிட்டு வந்து நின்றான். “இந்த வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்” என்று சொன்னேன். பேச்சு நின்றது, முடிவு நிற்கவில்லை. ஒரு மளிகைக் கடை பார்க்கிங்கில், காருக்குள் தனியாக உட்கார்ந்து அவன் காண்ட்ராக்டைப் படித்திருக்கிறான். சேர்க்க வந்தவர் சொன்ன ‘பத்து வருடம்’ என்பதை, சேர்ந்த நாளிலிருந்து பத்து என்று புரிந்துகொண்டான். அது அப்படி இல்லை. 2020 அக்டோபரிலிருந்து உள்ள விதிப்படி, விமானப் பயிற்சி முடிந்த பிறகுதான் அந்தப் பத்து வருடம் தொடங்கும். அதற்கு முன்பு ஆறு வருடமாக இருந்தது. அடிப்படைப் பயிற்சி, வாரண்ட் ஆபீசர் எனப்படும் அதிகாரிகளுக்கான பள்ளி, அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் விமானப் பயிற்சி, நடுநடுவே மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போய்விடும். ஒழுங்காக ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தப் பெரியவர் நானாக இருந்திருக்க வேண்டும். நான் மாடியில் கோபத்தில் இருந்தேன்.

2023 அக்டோபரில் அவனுக்குப் பைலட் ஆனதற்கான சிறகுச் சின்னம் குத்தினார்கள். அவன் அம்மாதான் சட்டையில் குத்திவிட்டாள். எங்கள் ஹாலில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. அதில் நான் இல்லை.

சரி, உங்கள் பிள்ளை சொல்லும் அந்த ‘ஏதோ ஸ்பெஷல்’ என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பெயர் 160வது சிறப்பு நடவடிக்கை விமான ரெஜிமென்ட். நைட் ஸ்டாக்கர்ஸ் என்பார்கள். தலைமையிடம் இங்கேதான், ஃபோர்ட் கேம்ப்பெல்லில். ஜார்ஜியாவின் சவான்னாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் அதன் பட்டாலியன்கள் இருக்கின்றன. இது பிறந்த கதையே ஒரு தோல்வியில்தான் தொடங்குகிறது. 1980 ஏப்ரலில், ஈரானில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கர்களை மீட்க எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. பாலைவனத்தில் ஓட்டத்துக்கு ஏற்றதாக மிஞ்சியவை ஐந்து. பணியைக் கைவிட்டுத் திரும்பும்போது, ஒரு ஹெலிகாப்டர் தரையில் நின்ற சி-130 விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். கடற்படையின் ஹெலிகாப்டர், மரீன் பைலட், விமானப்படையின் விமானம் என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து சேர்த்த கூட்டம் அது. இருட்டில் சேர்ந்து பறந்து பழக்கப்பட்ட ஒரு படை அமெரிக்காவிடம் இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. 1981இல் இந்தப் பிரிவு முறையாக உருவானது.

ஆகையால் இவர்களுக்கு இரவுதான் வேலை நேரம். குறித்த இடத்தில், சொன்ன நேரத்துக்கு 30 நொடி முன்னேயோ பின்னேயோ இறக்கிவிட வேண்டும். அதுதான் அவர்கள் கொடுக்கும் வாக்கு. எல்லாரும் தாங்களாக விரும்பி விண்ணப்பித்து வந்தவர்கள். பெரும்பாலானோர் வழக்கமான படைப்பிரிவில் சில வருடம் பறந்த பிறகே வருகிறார்கள். தேர்வில் தேறினால் ‘கிரீன் பிளட்டூன்’ என்ற பயிற்சி. ஜிபிஎஸ்ஸை மூடிவைத்துவிட்டு, வரைபடமும் கடிகாரமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தேறியவனும் அங்கே கற்றுக்குட்டிதான். ஒரு பணியையே திட்டமிட்டு முன்னால் பறக்கும் ‘ஃபிளைட் லீட்’ ஆவதற்கு இன்னும் பல வருடம் பிடிக்கும். பள்ளி முடித்த கையோடு நேராக அங்கே போய்விடலாம் என்று உங்கள் பிள்ளை நினைத்தால், இதை அவனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘டிகிரி இல்லாமல் ஆபீசரா?’ என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ராணுவ ஹெலிகாப்டர்களைப் பெரும்பாலும் ஓட்டுவது வாரண்ட் ஆபீசர்கள். அவர்களுக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் போதும். லெப்டினன்ட், கேப்டன் என்று போகிறவர்கள் சில வருடத்தில் மேசை வேலைக்குப் போய்விடுவார்கள். வாரண்ட் ஆபீசர் கடைசி வரை பறப்பான். ‘என்ன படித்தான்?’ என்று கல்யாண வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். படிப்பைப் பிறகுகூட முடிக்கலாம், அதற்கு ராணுவமே பணம் தருகிறது.

இப்போது, புத்தகத்தில் கிடைக்காத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் அந்த ரெஜிமென்டைச் சேர்ந்த ஒரு பைலட்டின் குடும்பம் இருந்தது. அவர்கள் படுக்கையறை ஜன்னலில் திரைக்குப் பின்னால் அலுமினியம் ஃபாயில் ஒட்டியிருக்கும், அதாவது நம் வீட்டில் சப்பாத்தி சுற்றி வைக்கும் அதே தாள். அவர் பகலில் தூங்க வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் வாசலுக்கு வந்து காபி குடித்தால், அதுதான் அவருக்குக் காலை. பிள்ளைகள் கத்தாமல் விளையாடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டிக்கு நான்கு வயது, அது வாயில் விரல் வைத்து ‘ஷ்’ என்று என்னிடமே சொல்லும். சில நாள் அவர் கார் இருக்காது. எங்கே போனார், எப்போது வருவார் என்று மனைவிக்கும் தெரியாது. அவளும் கேட்க மாட்டாள். அடுத்த வாரம் மகளின் பிறந்தநாள் என்றால், கேக்கில் தேதி எழுதாமல் வாங்கி வைப்பாள். அவர் வந்த அன்றைக்குத்தான் பிறந்தநாள்.

இரவு பத்து மணிக்கு மேல் அந்த ரெஜிமென்ட் பைலட்டுகள் பயிற்சிக்குப் பறக்கும்போது எங்கள் பூஜை அலமாரியில் குத்துவிளக்கு அதிரும். வெளியே வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கு இல்லாமல் போவார்கள்.

2023 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 12. முந்தைய நாள் மத்தியதரைக் கடலில் ஓர் அமெரிக்க ராணுவ விமானம் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எந்தப் படை, எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. குடும்பங்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படித்தான் செய்வார்கள். அந்தப் பக்கத்து வீட்டு பைலட்டின் மனைவி எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். அடுப்பில் அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள். வந்தவளுடைய ஃபோன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இப்படிப்பட்ட செய்தி ஃபோனில் வராது, சீருடை போட்ட இரண்டு பேராக வாசலுக்கு வரும் என்று அவள்தான் சொன்னாள். அதனால் அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அன்று ஒரு டெலிவரி வண்டி வந்தது. அது மெதுவாகி, எங்கள் வீட்டைத் தாண்டி, அவர்கள் வீட்டையும் தாண்டிப் போகும் வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

இறந்தவர்கள் ஐந்து பேர். எல்லாரும் 160வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். நடுவானில் எரிபொருள் நிரப்பும் பயிற்சியில் இருந்த எம்எச்-60 ஹெலிகாப்டர் அது. சண்டை இல்லை, பயிற்சி. அவள் கணவர் அந்த ஐவரில் இல்லை. அவள் வீட்டுக்குப் போனதும் நான் என் மகனைக் கூப்பிட்டேன். இரண்டு வருடத்தில் நானாக அவனைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. ‘சாப்பிட்டியா?’ என்பதைத் தவிர எனக்கு வேறு கேள்வி வரவில்லை.

நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில் இந்தப் பிரிவு ஐந்து பேரை இழந்தது. 2005 ஜூனில் ஆப்கானிஸ்தானின் குனார் மலையில் ஒரே சினூக் ஹெலிகாப்டரில் அவர்களுடைய எட்டுப் பேரும், கடற்படை சீல் வீரர்கள் எட்டுப் பேரும் இறந்தார்கள். 2025 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் பயிற்சியின்போது இன்னும் நான்கு பேர். போர் இல்லாத காலத்திலும் இந்த வேலை ஆபத்தானதுதான். இருட்டில் பார்க்க அவர்கள் போடும் நைட் விஷன் கண்ணாடி வழியே தெரிவது ஏறத்தாழ 40 டிகிரி வட்டம் மட்டுமே. பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புழுதி நிலத்தில் இறங்கினால் கடைசிச் சில அடிகள் எதுவுமே தெரியாது.

இந்தக் கண்ணாடி கழுத்தை என்ன செய்கிறது என்பதை என் மனைவியிடம் கேட்க வேண்டும். அவள் பிசியோதெரபிஸ்ட். ஹெல்மெட், அதன் முன்னால் கண்ணாடி, அது கவிழாமல் இருக்கப் பின்னால் எடைக்கு எடை, இத்தனையையும் தாங்கி, அதிரும் இருக்கையில் பல மணி நேரம். முப்பத்தைந்து வயதுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பார்க்க உடம்பையே திருப்புகிறார் என்பாள். வலியைச் சொன்னால் பறக்க விடமாட்டார்கள் என்ற பயத்தில் மறைத்துவிட்டு, தாங்க முடியாத நாளில் வருகிறார்கள். தூக்கம் வராததையும் மனசு சரியில்லாததையும் அதைவிட ஆழமாக மறைக்கிறார்கள். எனக்கு உண்மையில் பயம் இதில்தான் அதிகம். விழுந்தால் ஊருக்கே தெரியும். உள்ளுக்குள் நொறுங்குவது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

அந்த மறைக்கும் பழக்கத்தை நாமே தொடங்கி வைக்காமல் இருப்போம். ‘சின்ன வயசில வீசிங் இருந்ததைச் சொல்லாதே’ என்று ஓர் அம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் காதால் கேட்டேன். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் சிறப்பு அனுமதி இல்லாமல் சேர முடியாது என்பது விதி. முதல் படிவத்திலேயே பொய் சொல்லச் சொல்லி அனுப்பினால், நாளைக்கு வலியை எப்படி உண்மையாகச் சொல்வாள்?

நம் வீடுகளுக்கென்றே உள்ள சில சங்கதிகளை எந்த ஆள்சேர்ப்பு அலுவலரும் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியாது. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் இருந்து ஓய்வு பெற்றவருக்கும், விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓசிஐ அட்டை கிடையாது என்பது இந்திய அரசின் விதி. தாத்தா பாட்டியைப் பார்க்க உங்கள் பிள்ளை விசா எடுத்துத்தான் போக வேண்டும். ரகசியத் தகவல்களைக் கையாள வேண்டிய பாதுகாப்பு அனுமதிக்கான படிவத்தில் அவன் நெருங்கிப் பழகும் வெளிநாட்டு உறவுகளை எழுத வேண்டும். வாராவாரம் வாட்ஸப்பில் பேசும் பெரியப்பா மகனும் அதில் வருவார். ஊரில் அவன் பெயரில் ஒரு பிளாட் வாங்கிப் போட்டிருக்கிறீர்களா? வங்கிக் கணக்கு? அவனுக்கே தெரியாமல் செய்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இதெல்லாம் இருந்தால் அனுமதி கிடைக்காது என்று அர்த்தமில்லை. எழுதாமல் விட்டு, பிறகு தெரியவந்தால்தான் வம்பு.

அப்புறம் காகிதத்தில் பார்க்க வேண்டியது: பயிற்சியில் தேறாவிட்டால் என்ன ஆகும்? நேரடியாகச் சேர்ந்தவர்கள் பயிற்சியில் பாதியில் தேறாமல் போனால், ராணுவத்துக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே அனுப்பிவிடலாம். வீட்டுக்கு அல்ல. பறக்கும் திறனைச் சோதிக்கும் ‘சிஃப்ட்’ தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்ட மறுபடி எழுத முடியாது. ஆகையால் அவசரப்பட்டு உட்காரக் கூடாது. 20 வருடம் முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் ஓய்வூதியம். பாதியில் வெளியே வந்தால் அது இல்லை. விமான நிறுவன வேலையைக் கனவு காண்கிறவர்கள் கவனியுங்கள்: ராணுவ பைலட்டுக்கு 750 மணி நேரம் பறந்த அனுபவம் போதும் என்ற சலுகை உண்டுதான், ஆனால் ஹெலிகாப்டரில் மட்டும் பறந்தவர் இறக்கை வைத்த விமானத்திலும் தனியாக மணி சேர்க்க வேண்டும். ராணுவம் தன் விமானப் பிரிவில் சுமார் 6,500 இடங்களைக் குறைக்கப்போவதாக 2025இல் சொல்லியிருக்கிறது. முன்பு போல் எல்லாருக்கும் இடம் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. என் மகன் சந்தோஷமாக இருக்கிறான். ஒரு நிலா இல்லாத இரவில் மலை இடுக்கில் பறந்ததைப் பற்றி என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினான். அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து இவ்வளவு நேரம் என்னிடம் பேசியதே இல்லை. இப்போது அவனும் 160வது ரெஜிமென்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான். படிவத்தை அனுப்பும் முன் எனக்கு ஃபோன் செய்தான். வீடியோவில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினான், நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். நான்கு கேள்வி கேட்டேன். இரண்டுக்கு அவனிடம் பதில் இல்லை. விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னான்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் பையனையோ பெண்ணையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் மட்டும் தனியாக வர வேண்டாம். காண்ட்ராக்ட் கையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கும்.

அன்புடன்,
கிளார்க்ஸ்வில்லிலிருந்து ஓர் அப்பா