வெள்ளம் ஊருக்குள் வரும்போது உத்தரவு யாருடையது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் பற்றியும் வீட்டுச் சேத மதிப்பீடு பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத விடயம் ஒன்று இருக்கிறது. சனங்கள் ஒரு கிராமத்தை விட்டு வெளியேற வேண்டும், இந்தப் பாதையை மூட வேண்டும், இந்தப் பாலத்தில் வாகனம் போகக்கூடாது என்று அந்த இடத்திலேயே நின்று உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? திருகோணமலை மாவட்டத்தில் உள்ளூராட்சி வேலையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் 28ஆம் திகதி ஜனாதிபதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். அதற்கு ஆதாரம் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அன்றைய நிலைமையில் அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மகாவலி பெருகி மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது வெருகலிலும் மூதூரிலும் சேருவிலவிலும் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்ட உத்தரவு வேறு. எந்த வீதியால் போவது, எந்தப் பாடசாலையில் இடம் இருக்கிறது, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று ஒரு குரலில், தமிழில் வரவேண்டிய உத்தரவு அது. அது வரவில்லை. கடைசியில் விமானப்படை ஹெலிகொப்டரில் ஆட்களை ஏற்றவேண்டி வந்தது.

எங்கள் பக்கத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். கிராம உத்தியோகத்தர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். "அம்மா, பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ, தண்ணி கூடுது" என்று ஒரு படலையில் நின்று கேட்டார். "மாடு கண்டை விட்டுட்டு எங்க தம்பி வாறது?" என்றார் அந்த அம்மா. உத்தியோகத்தர் கையில் உத்தரவு என்று ஒரு துண்டுக் கடதாசி இல்லை. மாட்டை எங்கே கட்டலாம் என்று சொல்ல அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கெஞ்சுவதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? அதே நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல், வட்ஸ்அப்பில் அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல்பதிவு, தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி சிங்களத்தில். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் ஓர் உள்ளூராட்சி சபையின் உழவு இயந்திரம் வளவுக்குள் சும்மா நின்றதையும் பார்த்தேன். எடுக்கச் சொல்லி எழுத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்றார்கள். இதில் தனி ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. உழவு இயந்திரமும் பவுசரும் பெக்கோவும் இருப்பது பிரதேச சபையிடம், நகர சபையிடம். வடிகான் எங்கே அடைக்கும், எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அனர்த்த வேலையோ மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று மத்திய அரசின் வழியில் இறங்குகிறது. சபைகள் மாகாணத்தின் கீழ். இரண்டு வழியும் சந்திப்பது ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் மட்டும்தான்.

சுனாமிக்குப் பிறகு கொண்டுவந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்திலும் அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்பவர் ஜனாதிபதியே. அச்சட்டத்தின் தேசிய பேரவையில் மாகாண முதலமைச்சர்களுக்கு இடம் உண்டு. ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலும் இல்லை, முதலமைச்சரும் இல்லை. நமது பக்கத்தின் கதிரை வெறுமையாகவே கிடக்கிறது.

உத்தரவின் சட்ட அடிப்படை தெளிவாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2020 மார்ச்சில், கொவிட் காலத்தில் பார்த்தோம். ஊரடங்கு என்று பொலிஸார் அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அது எந்தச் சட்டத்தின் கீழ், வர்த்தமானி எங்கே என்று சட்டத்தரணிகள் கேட்க வேண்டி வந்தது. தொற்றுக்கு எதிராக 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டம் கையில் இருக்கும்போதே இந்த நிலை.

மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நகரமோ மாவட்டமோ தானே உள்ளூர் அவசரநிலையை அறிவிக்கலாம். ஓர் அதிகாரி அறிவித்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவுசெய்யப்பட்ட சபை அதை அங்கீகரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. நீடித்தால் 60 நாட்களுக்கு ஒருமுறையாவது சபை மீளாய்வு செய்ய வேண்டும். டெக்சாஸில் மேயர் போடும் அறிவிப்பு சபையின் சம்மதம் இல்லாமல் ஏழு நாட்களுக்கு மேல் போகாது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, கூட்டம் கூடுவதைத் தடுக்கும் 144 தடை உத்தரவை, இப்போது இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவின் கீழ், மாவட்ட மட்டத்திலேயே போடுகிறார்கள். அதற்கும் இரண்டு மாத எல்லை உண்டு. அதிகாரத்தைக் கீழே கொடுத்து, அதற்குக் கால எல்லையும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கால எல்லையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நமது ஊரின் அனுபவம். அவசரகாலச் சட்டம் என்றால் திருகோணமலையில் ஒரு தலைமுறைக்குச் சோதனைச்சாவடியும் சுற்றிவளைப்பும்தான் ஞாபகம் வரும். சிறு இடைவெளிகள் தவிரப் பல தசாப்தங்கள் அதன் கீழ் இருந்தோம். 2011 ஓகஸ்டில்தான் அது நீங்கியது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதி பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. ஆகவே வெள்ளத்துக்கும் புயலுக்கும் கூட்டத்தைக் கலைப்பதற்கும் ஒரே சட்டத்தை எடுப்பது சரியில்லை. தண்ணீர் வருகிறது, வெளியேறுங்கள் என்பது தனி அதிகாரமாக, கைது செய்யும் அதிகாரம் சேராததாக இருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. நீர்ப்பாசனத் திணைக்களமோ வளிமண்டலவியல் திணைக்களமோ எச்சரிக்கை விட்டவுடன், பிரதேச செயலாளரும் சபைத் தவிசாளரும் சேர்ந்து கையெழுத்திட்டு 48 மணித்தியாலத்துக்கு உள்ளூர் அனர்த்த அறிவித்தல் போட இடம் கொடுங்கள். காரணம், எல்லை, பாதை, தங்கும் இடம், கால்நடைக்கு ஒதுக்கிய மேட்டுநிலம் எல்லாம் அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். சபை கூடி நீடிக்காவிட்டால் அது தானாகவே முடிந்துவிட வேண்டும். மறுப்பவரை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. பெயரைப் பதிந்து, இரண்டாம் முறையும் போய்க் கேட்க ஆள் இருந்தால் போதும். பாதையையும் பாலத்தையும் மூடும் விடயத்தில் மட்டும் பொலிஸ் உறுதியாக நிற்கட்டும்.

நமது சபைகள் 2023 மார்ச் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமலே நடந்தன. 2025 மே தேர்தலில்தான் மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். சட்டத் திருத்தத்துக்குக் காலம் எடுக்கும், சரி. அதுவரை ஒவ்வொரு சபையும் தன் வாகனங்களையும் சாரதிகளின் தொலைபேசி இலக்கங்களையும் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, தண்ணீர் எந்த அளவுக்கு வந்தால் கேளாமலே வண்டி வெளிக்கிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் மாவட்டத்தின் எல்லாச் சபைகளும் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உள்ளூராட்சி ஊழியர்,
திருகோணமலை மாவட்டம்.