கோபுரம் இருக்கட்டும், தாழ்வான மறைவிடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீர்ப்பறவைகளைப் படமெடுப்பது பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் லென்ஸ் விலையெல்லாம் விவரமாக இருந்தது. எங்கே, எப்படி உட்காருவது என்பதற்கு இரண்டே வரிகள். படம் அமைவதே அதில்தான் இருக்கிறது.

வேடந்தாங்கலில் ஏரிக்கரையும் பார்வைக் கோபுரமும் போதும். நாரைகளும் கூழைக்கடாக்களும் மரத்தில்தானே கூடு கட்டுகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கதை வேறு. சேற்றில் இரை தேடும் உள்ளான்களை மேலிருந்து எடுத்தால் முதுகுதான் விழும். கண்ணுக்கு நேராக எடுக்க லென்ஸ் தரையை ஒட்டி இருக்க வேண்டும். பறவையின் கண்ணில் படாமல் உட்காரும் மறைப்புக்குள் விடியுமுன்பே போய்விடுவதும் முக்கியம். நாம் நுழைவதைப் பார்த்துவிட்டால் பறவை வெகுநேரம் அந்தப் பக்கமே வராது. இருவராக மறைப்புக்குள் போய், ஒருவர் மட்டும் பறவைகள் பார்க்கத் திரும்பி நடப்பது பழைய தந்திரம். 'ஆள் போய்விட்டான்' என்று பல பறவைகள் நம்பிவிடும்!

சரி, மறைவு கிடைத்தது என்பதற்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் வலையைப் போர்த்திக்கொண்டு படுக்கலாமா? கட்டுரை இதைத் தொடவே இல்லை. நெடுங்கால் உள்ளான் தண்ணீரோரம் வெறுந்தரையில் முட்டையிடும். வெயில் ஏறினால் நீரில் இறங்கி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். முட்டை சூடேறாமல் இருக்க அதற்குத் தெரிந்த வழி அது. பக்கத்தில் ஆள் கிடந்தால் உட்காராது. தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். முட்டை வெயிலில் வேகும், இல்லையென்றால் காக்கை கொத்திப் போகும். இப்படிப் படுத்துப் படமெடுப்பவர்களுக்கோ அந்தத் தவிப்பே 'ஆக்‌ஷன் ஷாட்'.

பள்ளிக்கரணை 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வனத்துறை அங்கே கூடு இல்லாத, இரை தேடும் பகுதிகளைப் பார்த்துத் தாழ்வான நிரந்தர மறைவிடங்கள் கட்டலாம். பலகைச் சுவர், லென்ஸ் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் ஒரு திறப்பு, மேலே கூரை, அவ்வளவுதான். கிழக்குப் பக்கத்தில் மேற்கு பார்த்து அமைத்தால் காலை வெயில் நமக்கு முதுகில், பறவைக்கு முகத்தில். நடந்துபோகும் வழியிலும் இருபுறம் தட்டி கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் நாம் போய்ச் சேருமுன் பறவைகள் கிளம்பிவிடும். கேமரா இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கட்டும். இதற்குத் தனிக் கட்டணம் வைத்தாலும் என்னைப் போன்றவர்கள் மறுபேச்சில்லாமல் கட்டுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை.